சிவப்பை விடுங்கள், பச்சையைப் பாருங்கள்
வண்ணக் கள்ளி வளர்க்கும் தங்காக் வீட்டார்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் வீட்டுக் கள்ளி வாங்கிய சில மாதத்திலேயே அழுகிச் சாய்ந்ததற்கு உங்கள் கைராசி காரணமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை ஏறும் குடும்பம் ஸ்ட்ராபெரி, தேன், தேயிலை மூன்றையும் காரில் ஏற்றிய பிறகு, பிரிஞ்சாங் கள்ளிப் பண்ணைகளில் ஒரு சின்னத் தொட்டியையும் வாங்காமல் இறங்குவதில்லை. மலைக்குப் போகாதவர்களுக்கு இரவுச் சந்தையான பாசார் மாலாம் இருக்கிறது. பச்சைத் தண்டு, அதன் தலையில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஓர் உருண்டை. சில வெள்ளிதான் விலை. விற்பவர் கூடவே ஓர் அறிவுரையும் தருவார்: “கள்ளிதானே, தண்ணி ஊத்தாதீங்க, நல்லா வெயில்ல வைங்க.”

அந்த அறிவுரைதான் நம் ஊரில் பாதிக் கள்ளிகளைக் கொல்கிறது என்பது என் எண்ணம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. பாலைவனத்துக் கள்ளிக்குச் சொல்ல வேண்டியதை, பாலைவனத்தையே பார்க்காத ஒரு செடிக்குச் சொல்லிவிட்டார்.

உங்கள் தொட்டியில் இருப்பது ஒரு செடி அல்ல, இரண்டு. மேலே உள்ள உருண்டை தென் அமெரிக்காவின் பராகுவே பக்கத்துப் புதர்க்காட்டைச் சேர்ந்தது. ஜிம்னோகாலிசியம் என்பது அதன் பேரினப் பெயர். கீழே உள்ள முப்பட்டைத் தண்டு பெரும்பாலும் வேறு யாருமில்லை, நம் வீட்டு வேலியில் படரும் புவா நாகாதான். டிராகன் பழத்தின் தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, அதன் தலையில் இன்னொரு கள்ளியை ஒட்டியிருக்கிறார்கள். டிராகன் பழக் கொடியின் தாய்வீடு மத்திய அமெரிக்கக் காடு. மரத்தைப் பற்றி ஏறி, கிளை நிழலில் தொங்கி, மழையில் நனைந்து வளர்கிற கொடி அது. நம் ஊர்ப் புழுக்கமும் மழையும் அதற்குப் பழகியவை. 1990களின் இறுதியிலிருந்து மலேசியாவில் அதைப் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். ஆகவே “கள்ளிதானே” என்ற பேச்சு கீழே இருப்பதற்குச் சரியாகப் பொருந்தாது.

மேலே உள்ளதற்கும் முழுதாகப் பொருந்தாது. அதன் பச்சை நிறத்து முன்னோர்களே காட்டில் முட்புதர்களின் அடியில், நிழலில் ஒதுங்கி வாழ்பவை. சிவப்பாகப் பிறந்த இதற்கோ பச்சையமே கிடையாது. பச்சையம் இல்லையென்றால் வெயிலிலிருந்து உணவு சமைக்க வழியில்லை. விதையில் இருந்த கொஞ்சச் சேமிப்பைத் தின்று தீர்த்ததும் செத்துவிடும். இப்படிப்பட்ட நாற்றுகள் எங்காவது எப்போதாவது முளைத்திருக்கும், சில வாரங்களில் வாடியும் போயிருக்கும். 1941இல் ஜப்பானில் எய்ஜி வாத்தனபே என்பவர் சுமார் பத்தாயிரம் நாற்றுகளுக்கு நடுவே பச்சையமற்ற இரண்டைக் கண்டார். அவற்றை வேறு கள்ளியின் மேல் ஒட்டிக் காப்பாற்றினார். ஹிபோட்டான் என்று பெயர்பெற்ற சிவப்பு வகை அப்படி வந்ததுதான். அதே ஆண்டு டிசம்பரில்தான் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மாதமே சண்டை மூவார் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. அந்த நாட்களைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களிடம், ஜப்பானில் அதே ஆண்டு ஒருவர் கள்ளி நாற்று எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் எப்படிப் பார்த்திருப்பார்களோ!

இப்போது இந்த வியாபாரத்தில் பெரிய கை தென் கொரியாவுடையது. அங்குள்ள அரசு வேளாண் ஆய்வகம் 1980களிலிருந்து புதுப்புது நிறங்களை உருவாக்கி வருகிறது. கோயாங் போன்ற ஊர்களின் பசுமைக்குடில்களிலிருந்து பெட்டி பெட்டியாக ஏற்றுமதி ஆகிறது. தண்டைக் குட்டையாக வைக்கிறார்கள். இது நமக்கு முக்கியமான செய்தி. தண்டு குட்டையானால் சமையலறை சின்னது, மேலே உட்கார்ந்து சாப்பிடுகிறவனோ நாளுக்கு நாள் பருக்கிறான். கடையில் இரண்டு தொட்டி இருந்தால் பெரிய சிவப்பு உருண்டை உள்ளதை எடுக்காதீர்கள். தண்டு நீளமாக, பருமனாக, கரும்பச்சையாக இருப்பதை எடுங்கள். உருண்டை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒட்டு வேலையை விளக்க வேண்டியதே இல்லை. நாற்று மேடையில் குந்தி உட்கார்ந்து ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய அப்பாவோ தாத்தாவோ உங்கள் வீட்டில் ஒருவராவது இருந்திருப்பார். கன்றின் பட்டையைச் சன்னல்போலக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டை அதில் பதித்து, நாடா சுற்றி, மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, கன்றின் தலையை வெட்டிவிடலாம். இந்த முறையை 1910களின் நடுவில் ஜாவாவில் டச்சுக்காரர்கள் ரப்பருக்குப் பழக்கினார்கள். 1925இல் இங்கே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பிறகு ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற இனங்கள் இந்த வழியிலேயே தோட்டம் தோட்டமாகப் பரவின. பால் மரத்தின் அடியில் யானைக்கால்போலப் பருத்திருக்குமே, அது அந்த ஒட்டு விழுந்த இடம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பராமரிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ரப்பரில் மேலே வந்த மொட்டு தானே இலை விட்டு, தானே உணவு செய்து, கீழே உள்ள வேருக்கும் அனுப்புகிறது. இந்தக் கள்ளியில் மேலே இருப்பது எதையும் திருப்பித் தருவதில்லை. ரப்பரில் வேர் மட்டும் கடன், இங்கே சோறும் கடன். வேரின் வேலை, இலையின் வேலை இரண்டையும் அந்த விரலளவுப் பச்சைத் தண்டே செய்கிறது. சிவப்பைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பவர்கள், தண்ணீர் தெளிப்பவர்கள், தயவுசெய்து கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். கவனிக்க வேண்டியது தண்டு. அது நன்றாக இருந்தால் தலை தானாக இருக்கும்.

இனி வெளிச்சம். இதுதான் சிக்கலான இடம். தலைக்கு நேர் வெயில் ஆகாது. பச்சையம் இல்லாத தோல் நண்பகல் வெயிலில் வெந்து, வெளிறி, பழுப்புத் தழும்பு விழும். அது ஆறாது. தண்டுக்கோ வெளிச்சம் போதாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறில்லை. சாப்பாட்டு மேசை நடுவிலும், கடைக் கல்லாவில் குழல்விளக்கின் கீழும், குளியலறைச் சன்னலிலும் வைத்த கள்ளிகள் மெல்லச் சுருங்குவது பட்டினியால். தண்ணீர் குறைவு என்று நினைத்து நாம் ஊற்ற, அது அழுகுகிறது. காலை ஒன்பது, பத்து மணி வரையிலான வெயிலும் அதன் பிறகு நல்ல வெளிச்சமுள்ள நிழலும் இரண்டு பேருக்கும் ஒத்துவரும். கிழக்குப் பார்த்த போர்ச்சில், கிரில்லுக்கு உட்புறம் வைத்தால் போதும். நாள் முழுக்க வெயில் விழும் வீடுகளில், காய்கறிப் பாத்திக்குக் கட்டுகிற கறுப்பு வலையை ஒரு மடிப்பு கட்டிவிடுங்கள்.

கைப்பேசியில் படிக்கும் குறிப்புகளில் “தெற்குச் சன்னலில் வையுங்கள், குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்துங்கள்” என்று வரும். அது ஐரோப்பாவுக்கு, அமெரிக்காவுக்கு. தங்காக் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் இரண்டே கால் பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஜூனில் வடக்கே சாய்ந்து போகிறது, டிசம்பரில் தெற்கே. அதனால் அதுவரை குளுமையாக இருந்த வடக்குப் பார்த்த போர்ச்சில் ஜூன் மாதம் வெயில் உள்ளே நுழைந்துவிடும். தெற்குப் பார்த்த வீட்டில் டிசம்பரில் அதே கதை. “போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு சுட்டுப்போச்சு” என்பவர்கள் தொட்டியை நகர்த்தவில்லை, சூரியன் நகர்ந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு தடவை தொட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சத்தே குச்சி இருக்கிறது. தொட்டியின் அடிவரை குத்தி, சிறிது நேரம் விட்டு எடுங்கள். ஈரமாக, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் பொறுங்கள். காய்ந்து வந்தால் மண் நனைய ஊற்றி, ஓட்டை வழியே வடியவிடுங்கள். தலையில் ஊற்ற வேண்டாம், ஒட்டு விழுந்த இடுக்கில் தண்ணீர் தங்கினால் பூஞ்சைக்கு அழைப்பு வைத்த மாதிரி. வருடக் கடைசி மழையிலும், ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் இடித்துக்கொண்டு கொட்டும் மழையிலும் தொட்டி கூரைக்குள் இருக்கட்டும். வெயில் காயும் நாட்களில் தண்ணீரே ஊற்றாமல் விடுவதும் தவறு. தண்டின் பட்டைகள் ஒட்டி மெலிந்தால் அது தாகத்தில் இருக்கிறது. நினைவிருக்கட்டும், அது காட்டுக் கொடி.

மண்ணைப் பொறுத்தவரை, வாங்கி வந்த சில நாட்களில் மாற்றிவிடுவதுதான் நல்லது. பெரும்பாலும் தென்னை நார்த்தூளை நெருக்கி அடைத்திருப்பார்கள். மலைக் குளிரில், நாளெல்லாம் அடிக்கும் காற்றில் அது காயும். நம் வீட்டுக்குள் வாரக்கணக்கில் சேறாக இருக்கும். அதைவிட மோசம், மேலே வண்ணக் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பது. பார்க்க அழகு, உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உடைத்து எடுத்துவிடுங்கள். பருமனான ஆற்று மணல், நர்சரியில் கிடைக்கும் சுட்ட மண், சேக்காம் பாக்கார் என்கிற கருக்கிய உமி மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலந்தால் போதும். சுண்ணாம்புச் சாந்து கலந்த கட்டட மணல் வேண்டாம். உரம், கடையில் விற்கும் எதையும் உறையில் போட்டிருப்பதில் பாதி அளவு கரைத்து மாதம் ஒருமுறை. தொட்டி மண்சட்டியானால் இன்னும் நல்லது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தேங்கும் தண்ணீர் கள்ளிக்கும் கேடு, நமக்கும் கேடு. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும். சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வரும்போது கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதம் எழுதலாம். சில வெள்ளிக் கள்ளிக்கு நூற்றுக்கணக்கில் அபராதம் கட்டுவது யாருக்கும் உவப்பாக இருக்காது.

நோய் என்று வரும்போதும் தண்டைத்தான் பார்க்க வேண்டும். அடிப்பாகம் பழுப்பாகி மரம்போலக் கெட்டிப்பட்டால் அது மூப்பு, பயப்பட வேண்டாம். விரலால் அழுத்தினால் அமுங்கி, கசிந்தால் அது அழுகல். தண்டில் ஆரஞ்சுப் பழுப்புப் புள்ளிகள் தோன்றிச் சொறிபோலப் பரவினால், நம் நாட்டு டிராகன் பழப் பண்ணைகளை வதைக்கும் நியோசைட்டாலிடியம் பூஞ்சையாக இருக்கலாம். பக்கத்தில் புவா நாகா வளர்ப்பவர்கள் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். தலையின் வரிகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள்.

மாவுப்பூச்சிக்கு ஒரு பங்காளி உண்டு. கொச்சினீல் என்கிற சாயப்பூச்சி. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சிவப்புச் சாயம் எடுக்கும் ஆசையில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தார்கள். வந்தது தவறான வகை. சாயம் தேறவில்லை, ஆனால் அது ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பிறகு 1926இல் இன்னொரு வகையை வேண்டுமென்றே கொண்டுவந்து, தென்னிந்தியக் காடுகரைகளை அடைத்துக் கிடந்த வேறு வகைச் சப்பாத்திக்கள்ளிப் புதர்களை ஒழித்தார்கள். ஊர் ஊராகக் கள்ளியைத் தின்ற குடும்பம் அது. உங்கள் தொட்டியில் பஞ்சு தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

“கள்ளியை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது” என்று சொல்லும் பாட்டிமார்களுக்கும் மரியாதையோடு ஒன்று. நீங்கள் பயப்படும் கள்ளி, ஒடித்தால் பால் வடிகிற சதுரக்கள்ளி, கொடிக்கள்ளி வகை. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உங்கள் பயம் நியாயம். ஆனால் அது வேறு குடும்பம். இந்த வண்ணக் கள்ளியில் பாலே கிடையாது, வெட்டினால் தண்ணீர்போன்ற சாறுதான் வரும். முள் மட்டும் உண்டு, தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். “ராத்திரி செடி நம்ம காத்தை எடுத்துக்கும்” என்ற பயத்துக்கும் இங்கே வேலையில்லை. கள்ளிகள் இரவில்தான் தங்கள் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கின்றன.

சந்தையில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீலம், மினுமினுப்பு என்று கண்ணைப் பறிக்கும் கள்ளிகள் சில இடங்களில் வருகின்றன. அவை சாதாரணப் பச்சைக் கள்ளியின் மேல் தெளித்த பெயின்ட். இயற்கை நிறத்துக்கு ஓர் எல்லை உண்டு. கள்ளியின் சிவப்பும் மஞ்சளும் பீட்டாலெயின் என்ற சாயக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்ரூட், சிவப்புக் கீரை, காகிதப்பூ, சிவப்புச் சதை டிராகன் பழம் எல்லாம் அதே சாயம்தான். அதில் வானநீலம் வராது. பெயின்ட் அடித்த கள்ளியால் வெளிச்சத்தை வாங்க முடியாது. புது வளர்ச்சி மேலே பச்சையாக எட்டிப் பார்க்கும்போது விற்றவர் அடுத்த ஊரில் இருப்பார்.

கடைசியாக, கடையில் யாரும் சொல்லாத விஷயம். எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் கடைத் தொட்டிக் கள்ளி இரண்டு மூன்று ஆண்டு ஓடினால் அதுவே வழக்கமான ஆயுள். சிலது கூட இருக்கும். குட்டைத் தண்டு ஒருநாள் களைத்துவிடும். அதற்கு முன்னால் தலையை இன்னொரு தண்டுக்கு மாற்ற வேண்டும். உருண்டையின் இடுப்பில் சின்னச் சின்னக் குட்டி உருண்டைகள் முளைக்கும், அவற்றில் ஒன்று போதும். புதுத் தண்டுக்கு நர்சரி தேட வேண்டாம், வேலியில் புவா நாகா வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் ஒரு சாண் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் முன்பே மணலில் நட்டு வேர்விட வைக்க வேண்டும். உங்கள் பழைய தண்டின் பட்டையிலிருந்து பச்சைக் கிளை கிளம்பினால் அதையும் எறியாதீர்கள். தலையின் சோற்றில் பங்கு கேட்கும் என்பதால் ஒடிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒடித்ததை நட்டால் அதுவே அடுத்த தண்டு.

மழை குறைந்த ஜூன், ஜூலையில் செய்யுங்கள். புது பிளேடு, ஸ்பிரிட்டில் துடைத்தது. தண்டின் தலையைத் தட்டையாக ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டு வாயின் மூன்று விளிம்புகளையும் லேசாகச் சரித்துச் சீவுங்கள், இல்லாவிட்டால் காயும்போது நடுப்பகுதி உள்வாங்கி ஒட்டு விலகும். வெட்டின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும், குட்டி உருண்டையின் அடியை வெட்டினாலும் தெரியும். சாறு போகும் பாதை அந்த வட்டம்தான். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று ஓரிடத்திலாவது தொட வேண்டும். அளவு வேறாக இருந்தால் நடுவில் நடு வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் கட்டாயம் தொடும். காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி, தலைக்கு மேலாகத் தொட்டியின் அடிவரை ரப்பர் கெத்தா இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நிழலில், காற்றோட்டத்தில் வைத்துவிடுங்கள். வெட்டு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் கெத்தாவை அவிழ்க்காதீர்கள், ஒட்டிக்கொண்டதா என்று ஆட்டிப் பார்க்கவும் வேண்டாம். உருண்டை சுருங்காமல் பளபளப்பாக இருந்தால் பிடித்துவிட்டது. சுருங்கினால், தண்டை அரை அங்குலம் கீழே வெட்டி இன்னொரு குட்டியை வைக்கலாம், தண்டு வீணாகாது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
தங்காக்